கொழும்பு மேயர் தெரிவு: 61 வாக்குகளும் யாருடையவை?

கொட்டாஞ்சேனை ஜெயம்

2025 ஜூன் 16ஆம் திகதி கொழும்பு மாநகர சபையில் நடந்த வாக்கெடுப்பில், நாட்டை ஆளும் தேசிய மக்கள் சக்தியின் விராய் கெலி பல்தசார் 61 வாக்குகளைப் பெற்று மேயராகத் தெரிவாகியிருக்கிறார். ஐக்கிய மக்கள் சக்தியின் ரிஸா சரூக்குக்கு 54 வாக்குகள் கிடைத்தன. இரண்டு வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. மே 6ஆம் திகதித் தேர்தலில் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி வென்றவை 48 மாத்திரமே என்பதால், வேறு சின்னங்களில் எங்களிடம் வாக்குக் கேட்டு வந்தவர்களில் ஆகக் குறைந்தது 13 பேராவது அவருக்கு வாக்களித்திருக்க வேண்டும். வாக்கெடுப்பை வெளிப்படையாக நடத்துமாறு எதிரணி வாதாடியும் அது இரகசியமாகவே நடந்து முடிந்தது. அந்த 13 பேர் யார் என்பது இன்று வரை வாக்காளருக்குத் தெரியாது.

புதிய மேயர் நல்லவரா, திறமையானவரா என்பது என் கேள்வி அல்ல. பதவியேற்ற வாரத்திலேயே ஒருவரை எடைபோடுவது நியாயமும் அல்ல. நான் ஆளுங்கட்சிக்கு எதிராகப் போட்ட புள்ளடி, நான் தெரிவு செய்த உறுப்பினரின் கையால் ஆளுங்கட்சிக்கே போய்ச் சேர்ந்ததா என்பதை அறியும் உரிமை எனக்கு உண்டா, இல்லையா என்பதே கேள்வி.

வெள்ளவத்தை வாசகி

கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், ஜெயம். ஐக்கிய மக்கள் சக்தி வென்றது 29 ஆசனங்கள். அக்கட்சியில் ஒருவர்கூட மாறி வாக்களிக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ரிஸா சரூக்குக்குக் கிடைத்த 54 வாக்குகளில் 25 வாக்குகள் வெளியிலிருந்து வந்தவை. 48 ஆசனங்களோடு நின்றவர் 13 பேரைச் சேர்த்தால் அது மக்கள் ஆணையைத் திருடுவது, 29 ஆசனங்களோடு நின்றவர் 25 பேரைச் சேர்த்தால் அது எதிரணியின் ஒற்றுமை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? மே மாதத் தேர்தல் மேடைகளில் ஐக்கிய மக்கள் சக்தியும் ஐக்கிய தேசியக் கட்சியும் ஒரே அணியாக வாக்குக் கேட்கவில்லை. வெவ்வேறு சின்னங்களில் போட்டியிட்டு, முடிவுகள் வந்த பிறகே கூட்டுச் சேர்ந்தார்கள். அந்தக் கூட்டுக்கும் வாக்காளர் அனுமதி கொடுக்கவில்லை.

இந்த நகரத்தில் 2023 மார்ச்சுக்குப் பிறகு தெரிவு செய்யப்பட்ட சபையே இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தேர்தலைப் பிற்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளிக்கும் நிலை வந்தது. வீடு, காணிகளுக்கான சோலைவரியை ஜனவரி மாதத்துக்குள் முழு ஆண்டுக்குமாகக் கட்டிப் பத்து வீதக் கழிவையும் பெற்றுக்கொண்ட நாங்கள், அந்தப் பணம் செலவாகும் விதத்தைக் கேட்பதற்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாமல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் மாநகர ஆணையாளரின் நிர்வாகத்தின் கீழ் இருந்தோம். அப்போது ஜனநாயகத்துக்காகக் குரல் கொடுக்காதவர்கள் சிலர், இப்போது வாக்குப்பெட்டி மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று ஆராய்வதைப் பார்க்கச் சற்று வேடிக்கையாக இருக்கிறது. உங்களைச் சொல்லவில்லை.

செட்டியார்தெரு

நான் வியாபாரி, என் பார்வையும் வியாபாரியின் பார்வையே. மத்தியில் ஒரு கட்சியும் நகரத்தில் இன்னொரு கட்சியும் இருந்தால் இழுபறியில் காலம் போய்விடும். காலி வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளை அகற்றித் தொடர்மாடிகளைக் கட்டுவது நகர அபிவிருத்தி அதிகார சபை. குழாய் நீருக்கும் வேறு சபை. மேயரின் கையில் நேரடியாக இருப்பவை குப்பை, சிறு வடிகால்கள், உள்வீதிகள், தெருவிளக்குகள், தாய் சேய் நிலையங்கள், பூங்காக்கள், நூலகம் போன்றவையே. மற்ற எதற்கும் அமைச்சுகளின் கதவைத் தட்ட வேண்டிய மேயர், அந்தக் கதவு திறக்கும் கட்சியைச் சேர்ந்தவராக இருப்பது நகரத்துக்கு இலாபம். அந்த 13 பேரும் இப்படி யோசித்தே வாக்களித்திருந்தால் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கொட்டாஞ்சேனை ஜெயம்

செட்டியார்தெரு ஐயா, நீங்கள் இலாபம் என்று சொல்வதைத்தான் நான் மிரட்டல் என்கிறேன். தேசிய மக்கள் சக்தியின் வசமுள்ள சபைகளின் திட்டங்களுக்கு உடனே நிதி வரும், மற்றச் சபைகளின் திட்டங்கள் பல தடவை பரிசீலிக்கப்படும் என்ற கருத்தில் உள்ளூராட்சித் தேர்தல் மேடையில் ஜனாதிபதி பேசியது பெரும் சர்ச்சையானதை எல்லோரும் அறிவோம். கதவு எங்களுக்குத்தான் திறக்கும் என்று சொல்லி வாக்குக் கேட்பதை வழக்கமாக ஏற்றுக்கொண்டால், நாளை உள்ளூராட்சித் தேர்தலே தேவையில்லை. ஜனாதிபதித் தேர்தல் முடிந்த மறுநாள் மேயர்களுக்கு நியமனக் கடிதம் அனுப்பிவிடலாம்.

வாசகி அக்காவின் 25 பேர் கணக்கு சரியானதே; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. வாக்கெடுப்பு வெளிப்படையாக நடந்திருந்தால் அந்த 25 பேரும் இந்த 13 பேரும் ஒரே வெளிச்சத்தில் நின்றிருப்பார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளூராட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயர் கிடையாது. கட்சியின் பெயரும் சின்னமும் மாத்திரமே இருக்கும். அந்த ஒரே புள்ளடிதான் வட்டார வெற்றியையும் விகிதாசாரப் பட்டியலில் வருபவர்களின் எண்ணிக்கையையும் தீர்மானிக்கிறது. பட்டியலால் உள்ளே வந்தவரை எந்த வாக்காளரும் முகம் பார்த்துத் தெரிவு செய்யவில்லை. சின்னத்தால் வந்தவர் சின்னத்துக்கு மாறாக நடந்தால், அதை மறைவில் செய்யும் வசதியையும் அவருக்குக் கொடுக்க வேண்டுமா?

முகத்துவாரம் அன்ரன்

நீங்கள் எல்லோரும் சபைக்குள் நடந்ததைப் பேசுகிறீர்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் பேசப்படுவது வேறு.

இங்கே பல ஆண்டுகளாக ஐக்கிய தேசியக் கட்சிக்கு வாக்களித்தவர்கள் கொள்கைக்காக வாக்களிக்கவில்லை. பழைய உறுப்பினருக்கு ஒவ்வொரு வீட்டையும் தெரியும். செத்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார். பந்தலுக்குத் தகரமும் கதிரையும் அவர் சொல்லித்தான் வரும். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கக் கடிதம் வேண்டுமென்றால் அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. தேநீர்க் கடை வாங்கில் இருந்தபடியே கடிதத்தைத் தன் முழங்காலில் விரித்து, யாரோ நீட்டிய பேனையை வாங்கி, ஒப்பமிட்டு, சட்டைப் பையில் வைத்திருக்கும் இறப்பர் முத்திரையையும் குத்திக் கொடுப்பார். அந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி என்ன பெறுமதி என்று எவரும் கேட்டதில்லை. ஆனால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அதிபருக்கு முன்னால் நிற்கும் தாய்க்கு ஒரு துணிவு இருந்தது.

இந்த முறை எங்கள் பகுதி இளைஞர்கள் பலர் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டார்கள். ஊழல் ஒழிய வேண்டும் என்பது அவர்களின் உண்மையான கோபம். ஆனால் எல்லாம் விண்ணப்பப் படிவத்தின்படிதான் நடக்கும் என்று புதியவர்கள் சொல்லும்போது, படிவத்தை நிரப்பத் தெரியாத கிழவிக்கு அது நேர்மையாகத் தெரிவதில்லை, கதவடைப்பாகத் தெரிகிறது. மேயர் 61 வாக்குகளால் வந்தாரா, 117 வாக்குகளாலும் வந்தாரா என்பது அவளுக்கு ஒன்றுதான். பொது மலசலகூடத்தின் கதவு பூட்டில்லாமல் கிடந்தால் இனி யாரிடம் சொல்வது என்பதே அவளுடைய கேள்வி. எனக்கு இரண்டு பக்கத்திலும் நம்பிக்கை இல்லை.

வெள்ளவத்தை வாசகி

அன்ரன் தம்பி, நீங்கள் எழுதியது உண்மை என்பதாலேயே அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த முழங்கால் கடிதம்தான் உங்கள் தோட்டத்தை இத்தனை ஆண்டுகள் தோட்டமாகவே வைத்திருந்தது. உரிமையாகக் கிடைக்க வேண்டிய பாடசாலை அனுமதி உதவியாகக் கிடைத்ததால், அந்தத் தாய் அடுத்த தேர்தலிலும் கடமைப்பட்டவளாக நின்றாள். பந்தலுக்குத் தகரம் கொடுப்பதில் காட்டிய அக்கறையைக் கழிவகற்றலில் காட்டியிருந்தால், கொழும்பின் குப்பை முழுவதையும் அயலிலுள்ள கொலன்னாவைக்குள் கொண்டுபோய் மலையாகக் குவித்திருக்க மாட்டார்கள். அங்குள்ள மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தில், அந்த மலை வீடுகளின் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இறந்தவர்கள் எங்கள் சபைக்கு வாக்களிக்கக்கூட முடியாத எல்லைக்கு அப்பால் வாழ்ந்தவர்கள்.

அந்தக் கிழவியின் கேள்விக்குப் புதிய உறுப்பினர்கள் பதில் வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. படிவம் தமிழிலும் இருக்க வேண்டும். நிரப்பிக் கொடுக்க ஓர் ஆளும் இருக்க வேண்டும். அதற்காகப் பழைய தேநீர்க்கடை நிர்வாகத்துக்குத் திரும்ப முடியாது.

முகத்துவாரம் அன்ரன்

பழையதுக்குத் திரும்பிப் போகச் சொல்லவில்லை, அக்கா. அந்த வாங்கில் இப்போது யாரும் இல்லை என்பதைச் சொன்னேன்.

பம்பலப்பிட்டி மூத்தவர்

கொழும்பு மேயர் பதவி இதைவிடப் பெரிய விசித்திரங்களைக் கண்டிருக்கிறது. 2006இல் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டபோது, அக்கட்சி தன் ஆதரவாளர்களை மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்கச் சொன்னது. விளைவாக முச்சக்கரவண்டிச் சாரதியான உவைஸ் மொஹமட் இம்தியாஸ் மேயரானார். வாக்களித்தவர்களில் எத்தனை பேர் அவருடைய பெயரை அறிந்திருந்தார்கள்? இந்த நகரத்தின் முதலாவது தெரிவு செய்யப்பட்ட மேயர் 1937இல் பதவியேற்ற ரத்னசோதி சரவணமுத்து என்ற தமிழர். அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து அதற்கு முன்பே கொழும்பு வடக்கிலிருந்து, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானவர். 2018இல் ரோசி சேனாநாயக்க முதலாவது பெண் மேயரானார், பல்தசார் இரண்டாமவர். எனவே ஒரு பெண்ணோ, சிறுபான்மைச் சமூகத்தவரோ, முன்பின் அறியாத ஒருவரோ அந்தக் கதிரையில் அமர்வது இங்கே புதுமை அல்ல. சமூக ஊடகங்களில் சிலர் பல்தசாரின் பெயரையும் மதத்தையும் வைத்து எழுதுவதை இந்த வரலாறு தெரியாதவர்களின் எழுத்தாகவே கொள்கிறேன்.

ஆனால் ஜெயத்தின் கேள்வி அந்த வகையைச் சேர்ந்தது அல்ல; அதில் நான் அவர் பக்கம். எந்தக் கட்சிக்கும் அரைப்பங்கு ஆசனம் கிடைக்காதபோது மேயரை உறுப்பினர்களே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அந்த வழியில் வந்த மேயரின் பதவி செல்லுபடியானது. அதில் விவாதத்துக்கு இடமில்லை. இரகசிய வாக்கு வேறு விடயம். அது வேலைகொடுப்பவனுக்கும் சண்டியனுக்கும் பயப்பட வேண்டிய குடிமகனுக்கான காப்பு. மக்களின் பெயரால் வாக்களிப்பவருக்கு மக்களிடமிருந்தே மறைந்துகொள்ள எதற்குக் காப்பு?

வெள்ளவத்தை வாசகி

கட்சித் தலைமைக்குப் பயப்படாமல் மனச்சாட்சிப்படி வாக்களிப்பதற்கு, ஐயா. கை உயர்த்த வேண்டியிருந்தால் பலர் தலைமை சொன்னபடியே உயர்த்தியிருப்பார்கள். அது வாக்காளரின் விருப்பம் என்று நீங்கள் நம்புகிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

செட்டியார்தெரு

மனச்சாட்சியா, வேறேதுமா என்பது அந்த 13 பேருக்கே வெளிச்சம். வியாபாரத்தில் இருப்பதால் எனக்கு இந்தச் சந்தேகம் இயல்பாக வருகிறது, மன்னிக்கவும்.

கொட்டாஞ்சேனை ஜெயம்

வருட இறுதியில் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். 48 பேரை வைத்துக்கொண்டு அதை நிறைவேற்ற முடியாது என்பதால் மேயர் மறுபடியும் வெளியில் ஆதரவு தேட வேண்டியிருக்கும். அந்த வாக்கெடுப்பையாவது பெயர் கூறி நடத்துமாறு ஆளுங்கட்சியும் எதிரணியும் இப்போதே அறிவிக்கட்டும். வாசகி அக்கா இதற்காவது சம்மதிப்பீர்களா?

வெள்ளவத்தை வாசகி

சம்மதம். பணம் சம்பந்தப்பட்ட வாக்கு மேயர் தெரிவைப் போன்றது அல்ல. ஆனால் அன்று எதிரணியினர் குப்பைக்கும் வடிகாலுக்கும் ஒதுக்கிய பணத்தைத் தோற்கடித்தால், அவர்களின் பெயர்களையும் நீங்கள் இதே ஆர்வத்தோடு இங்கே எழுத வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஜெயம்

எழுதுவேன். அதற்கு முன்பு, உங்கள் வட்டாரத்திலோ பட்டியலிலோ சுயேச்சையாகவோ சிறிய கட்சியிலோ உள்ளே போன உறுப்பினர் யாராவது இருந்தால், ஜூன் 16இல் யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நேரில் கேட்டு, அவர் சொன்ன பதிலை அவருடைய சம்மதத்தோடு இங்கே பதியுங்கள். பதில் சொல்ல மறுத்தால் அதையும் பதியுங்கள்.

முகத்துவாரம் அன்ரன்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டுவிட்டு எழுதுகிறேன். பூட்டு விடயத்தையும் சேர்த்துத்தான் கேட்பேன்.