புதுப்பிப்பு: பிக்கப்பில் மாட்டின டச் ஸ்கிரீன் செட், ஒருவழியா நேரம் மறக்கலை

போன வாரம் புலம்பியிருந்தேனே, நெல் மூட்டை அடிக்கிற பிக்கப் வண்டியில் நானே பாட்டு கேட்கிற டச் ஸ்கிரீன் செட் மாட்டினேன், சாவியை அணைச்சா நேரம், ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சுடுதுன்னு. "மஞ்சளைப் பாரு தம்பி"ன்னு சொன்ன அண்ணனுக்கு மன்னார்குடி பக்கம் வந்தா காபி என் செலவு.

அதேதான். செட்டோட மஞ்சள் ஒயருக்கு எப்பவும் 12 வோல்ட் வரணும், சிவப்புக்குச் சாவி போட்டா மட்டும். நான் கலருக்குக் கலர் முறுக்கிட்டேன். வண்டி ஒயருக்கு அந்தக் கலர் கணக்கு தெரியுமா என்ன? வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர் வெச்சு, சாவியை எடுத்தும் 12 காட்டுற ஒயரைப் பிடிச்சேன். பேட்டரி நெகட்டிவைக் கழட்டிட்டு மாத்தினேன். சரியாயிடுச்சு.

அடுத்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு கத்துற மாதிரி ஒரு சத்தம். கறுப்பு எர்த் ஒயரைப் பெயின்ட் அடிச்ச ஸ்குருவில் சுத்தியிருந்தேன், பெயின்ட் தடுத்து எர்த் சரியா கிடைக்கலை. பாடியில் ஒரு இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சுனு தெரியத் தேய்ச்சு, அங்க போல்ட் போட்டேன். முக்கால்வாசி போச்சு. டேஷ்போர்டுக்குள்ள கை விட்டப்ப ஒரு பிடி பதரும் தூசியும் கொட்டுச்சு, அது குறுவை லோடோட புண்ணியம்.

மச்சான் தன் லாரிக்கும் மாட்டித் தரச் சொல்றார். அது 24 வோல்ட், நேரா கொடுத்தா செட் புகைஞ்சிடும். 24-ஐ 12 ஆக்குற கன்வெர்ட்டர் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். ரிவர்ஸ் கேமரா மட்டும் பாக்கி, மழை விடட்டும்.