போனில் மெயில் திறந்ததும் 'படித்துவிட்டார்' என்று தானாகத் தகவல் போகலாமா?

மழைக்காகம்:
போன வாரம் ராத்திரி 11.30 மணிக்கு ஐபோனில் ஆபீஸ் மெயிலைத் தள்ளிக்கொண்டே போனேன், விரல் பட்டு ஒன்று திறந்தது, உடனே மூடிவிட்டேன். காலையில் மேலாளர் "ராத்திரியே படிச்சிட்டீங்களே, ஏன் பதில் இல்லை?" என்கிறார். ரீட் ரெசிப்ட் (மெயிலைப் படித்ததும் அனுப்பியவருக்குப் போகும் ரசீது) கேட்டு அனுப்பியிருக்கிறார், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே அது போயிருக்கிறது. லேப்டாப்பில் அவுட்லுக் 'அனுப்பட்டுமா' என்று கேட்கிறது, வேண்டாம் என்கிறேன். போனில் அந்தக் கேள்வியே வரவில்லை. ஐபோன் செட்டிங்ஸில் ஒரு ரீட் ரெசிப்ட் பொத்தான் இருக்கிறது, அது மெசேஜஸ் செயலிக்கு, மெயிலுக்கு இல்லை. இந்தத் தானியங்கி ரசீதை நிறுத்தியே ஆக வேண்டும்.

கோப்புக்காரர்:
உங்கள் மேலாளர் செய்தது தப்பு, சரி. அதற்காக வசதியையே நிறுத்தச் சொல்வது நியாயமில்லை. நான் டெண்டர் வேலை பார்ப்பவன். விலையில் ஒரு திருத்தம் அனுப்பினால் "மெயிலே வரலையே" என்று சாதிப்பவர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். தபாலில் ஒப்புகை அட்டை வைத்து அனுப்புவோமே, அதேதான் இது. 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, ஒப்புகை இந்த வடிவில்தான் வேண்டும் என்று அனுப்புபவர் சொல்லாதபோது, தானியங்கியாக வந்த தகவலும் ஒப்புகைதான் என்கிறது.

சர்வர்அறை:
மெயில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை, அதனால் சொல்கிறேன். தம்பி மழைக்காகம், ரசீதை அனுப்பியது உங்கள் போன் இல்லை. எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மெயில் சர்வர்) கணக்கை ஐபோனின் மெயில் செயலியில் சேர்த்தால், அது ஆக்டிவ்சிங்க் என்ற இணைப்பு முறை வழியாக சர்வரோடு பேசும். நீங்கள் திறந்ததும் போன் 'படித்தது' என்று குறிக்கிறது, அந்தக் குறியைப் பார்த்து ரசீதை எழுதி அனுப்புவது சர்வர். அதனால்தான் எவ்வளவு தேடினாலும் போனில் அதற்குப் பொத்தான் இல்லை. நிர்வாகி மனம் வைத்தால் ரீட் ரெசிப்ட் வகை மெயிலை மட்டும் சர்வரிலேயே நிறுத்த விதி எழுதலாம், பெரிய வேலையில்லை.

கோப்புக்காரர் சார், இந்த ரசீது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 8098, வருடம் 2017. பயனரின் சம்மதம் வாங்கிவிட்டு அனுப்பும்படி அதுவே வலுவாகப் பரிந்துரைக்கிறது. இங்கே கேட்கவே இல்லையே!

கோப்புக்காரர்:
சம்மதம் கேட்டால் யார் கொடுப்பார்கள்? 'படித்தேன்' என்று ஒத்துக்கொள்ள விருப்பமில்லாதவர்தான் முதலில் மறுப்பார். ரசீது யாருக்காக வந்ததோ அவர்களுக்கே பயன்படாமல் போகும்.

நிலாமுற்றம்:
அண்ணா, நீங்கள் சொன்ன சட்டத்தில் அடுத்த பிரிவையும் படியுங்கள். 13ஆம் பிரிவுப்படி, இருவரும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத வரை, இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று ஒருவர் குறித்துக் கொடுத்திருந்தால் அந்தக் கணினிக்குள் மெயில் நுழைந்த நேரமே கிடைத்த நேரம். அவர் திறந்தாரா என்பது கணக்கிலேயே வராது. அப்படியென்றால் உங்களுக்குத் தேவை டெலிவரி ரசீது, அதாவது மெயில் போய்ச் சேர்ந்தது என்ற தகவல் மட்டும். அதை அவருடைய சர்வர் தரும், அவர் ராத்திரி எத்தனை மணிக்கு விழித்திருந்தார் என்பதை உங்களுக்குக் காட்டாது. எனக்குக் கைக்குழந்தை இருக்கிறது, 2 மணிக்கு எழுந்து போனைப் பார்ப்பேன், அது ஆபீசுக்குத் தெரிய வேண்டிய விஷயமா?

அப்புறம், 'படித்தார்' என்பதும் உறுதியில்லை. திறக்காமலே படித்ததாகக் குறித்தாலும் ரசீது போகும்.

கோப்புக்காரர்:
13ஆம் பிரிவை நான் இப்படி யோசிக்கவில்லை. டெலிவரி ரசீது கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் எல்லா சர்வரும் அதைத் திருப்பி அனுப்புவதில்லை, அந்த இடத்தில் எனக்கு வேறு வழியில்லை. அதனால் ரீட் ரெசிப்டை அடியோடு எடுப்பதற்கு இன்னும் நான் எதிர்ப்புதான். போனிலும் ஒரு கேள்வி வரட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

மழைக்காகம்:
நான் கேட்டதும் அந்த ஒரு கேள்வியைத்தான். சர்வர்அறை அண்ணா, அந்த விதியை எப்படி எழுதுவது என்று விவரமாகப் போடுங்கள், திங்கட்கிழமை எங்கள் ஐடி ஆட்களிடம் கொடுக்கிறேன்.