தெருவில் காணாமல் போன குருவிக்குக் கவலை இல்லையாம், பாறு கழுகுக்கு மட்டும்தானா?

மாடிவீடு:
எங்கள் தெருவில் சிட்டுக்குருவியைப் பார்த்து நாலைந்து வருஷம் ஆகிறது. மாடியில் மரக்கூண்டு மாட்டி, கம்பு இறைத்தும் பார்த்தாச்சு. வருவது புறா மட்டும்தான். ஆனால் எந்த உயிரினம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் உலகச் சிவப்புப் பட்டியலில் குருவி 'கவலை குறைந்த' இனமாம், வெண்முதுகுப் பாறு 'மிக அருகிவிட்ட' இனமாம். இது என்ன கணக்கு?

மாயாற்றங்கரை:
அந்தக் கணக்கு உங்கள் தெருவைப் பார்ப்பதில்லை, உலகம் முழுக்கப் பார்க்கிறது. ஓட்டு வீட்டு இடுக்குகள் போனதும் குருவி உங்களை விட்டுப் போயிற்று. எங்கள் ஊர் மளிகைக் கடையில் இன்றும் அரிசி மூட்டைமேல்தான் உட்கார்ந்திருக்கும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை அடைகாக்கும், தடவைக்கு மூன்று நாலு முட்டை.

பாறு வருஷத்துக்கு ஒரே முட்டைதான். ஆற்றங்கரை நீர்மருதில் கூடு கட்டும். மேலே அண்ணாந்து தேடவே வேண்டாம். மரத்தடி இலையெல்லாம் சுண்ணாம்பு தெளித்த மாதிரி எச்சம் கிடக்கும். டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்து, அதைப் பாறு தின்றால் சிறுநீரகம் போய்விடும். செத்த பாறை அறுத்துப் பார்த்தால் ஈரல்மேலும் வெள்ளைப் பூச்சு, சிறுநீரகம் வெளியேற்றாமல் தங்கிய யூரிக் அமிலம். 1992க்கும் 2007க்கும் நடுவில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. மாட்டுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். அப்புறமும் மனிதருக்கான பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்கே போட்டார்கள். மாட்டுக்குப் பயன்படுத்த வசதிப்படாமல் இருக்கட்டும் என்று 2015இல்தான் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள்.

கூண்டுப்பிரியன்:
குருவி போனது செல்போன் டவரால்தானே?

மாயாற்றங்கரை:
அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஐயா. குஞ்சுக்குப் புழு பூச்சிதான் இரை. தெருவில் செடியே இல்லாமல் கூண்டு மட்டும் இருந்து என்ன பண்ண? பாறுக்கு அந்தக் கூண்டுகூட மாட்ட முடியாது.

மாடிவீடு:
ஊரில் அம்மாவின் மாட்டுக்குப் போன வாரம் மடிவீக்கம், ஊசி போட்டார்கள். குப்பியில் மெலாக்சிகாம் என்று இருக்கிறதாம். பரவாயில்லையா?

மாயாற்றங்கரை:
சரியான மருந்து, பாறுக்கு ஒன்றும் ஆகாது. கூடவே வேறு ஊசி போட்டார்களா என்றும் கேளுங்கள். பாறுக்கு ஆகாத வேறு வலிநிவாரணிகளான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டையும் 2023இல்தான் மாட்டுக்குத் தடை செய்தார்கள். பழைய குப்பி எங்காவது அலமாரியில் கிடக்கும்.