1500 வாட்ஸ் ராடு 5.1 ஆம்பியர்தான் இழுக்கிறது, ராடு போலியா?

தோப்புவீடு:
பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் அப்பா தங்கும் சின்ன ஓட்டு வீடு இருக்கிறது. எழுபதைத் தாண்டியவர், பச்சைத் தண்ணீரில் குளித்தால் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் 1500 வாட்ஸ் வாட்டர் ஹீட்டர் ராடு வாங்கிக் கொடுத்தேன். 15 லிட்டர் பக்கெட் சூடாக 25 நிமிடம் ஆகிறது. எங்கள் பெரிய வீட்டில் இதே ராடு இருபது நிமிடத்தில் வேலையை முடித்துவிடும்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். ராடு ஓடும்போது சாக்கெட்டில் 180 வோல்ட், கிளாம்ப் மீட்டரில் 5.1 ஆம்பியர். 1500-ஐ 180-ஆல் வகுத்தால் 8.3 ஆம்பியர் வரவேண்டும் அல்லவா? ராடு போலியா, மீட்டர் தப்பா? வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட் பில் ஏறும் என்கிறார் பக்கத்துத் தோப்புக்காரர். அதுவும் உண்மையா?

மல்டிமீட்டர்_மாணவி:
ராடைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம்ஸ் அளந்து பாருங்கள் அண்ணா. 35-ஐ ஒட்டி வந்தால் ராடு சரியானதுதான். ராடுக்குள் இருப்பது நிக்ரோம் கம்பி, அதன் மின்தடை சூட்டில் பெரிதாக மாறாது. குண்டு பல்பை இப்படி அளந்து முடிவுக்கு வரக்கூடாது. 100 வாட்ஸ் பல்பு எரியும்போது 529 ஓம், அணைந்து ஆறியிருக்கும்போது 40 ஓம் பக்கம்தான் காட்டும்.

பழைய வயர்மேன்:
தம்பி, ராடும் சரி, மீட்டரும் சரி. 1500 வாட்ஸ் என்று ராடில் போட்டிருப்பது 230 வோல்ட் கிடைத்தால் மட்டும். ராடுக்குச் சொந்தமானது அதன் மின்தடை ஒன்றுதான். 230 × 230 ÷ 1500, அதாவது 35.3 ஓம். வாட்ஸ் என்பது நாம் கொடுக்கும் வோல்ட்டேஜைப் பொறுத்து ஏறி இறங்கும். உங்கள் அளவை வைத்தே பாருங்கள்: 180 ÷ 5.1 = 35.3 ஓம். அச்சாகப் பொருந்துகிறது. போலி ராடு இப்படிப் பொருந்தாது.

இப்போது பவர்: 180 × 5.1 = 918 வாட்ஸ். வோல்ட்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததற்கு, பவர் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட்டேஜ் குறையும்போது கரண்டும் கூடவே குறைகிறது, இரண்டும் பெருகித்தானே வாட்ஸ் வருகிறது.

15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற சுமார் 0.35 யூனிட் வேண்டும். 1500 வாட்ஸில் 14 நிமிடம், 918 வாட்ஸில் 23 நிமிடம். மீதி இரண்டு நிமிடம் பக்கெட்டிலிருந்து வெளியே போகும் சூடு. ஆகவே யூனிட் ஏறக்குறைய அதேதான், நேரம்தான் இழுக்கிறது. பக்கத்துத் தோப்புக்காரர் மோட்டாரை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். தண்ணீர் இறைக்கும் மோட்டார் வோல்ட்டேஜ் குறைந்தால் கூடுதல் கரண்ட் இழுத்து காயிலைச் சூடாக்கும். அதற்கு இந்த ஓம் கணக்கு போடாதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அங்கே வாட்ஸ் வராது, பவர் ஃபேக்டர் என்ற ஒன்றுக்கும் குறைவான எண்ணையும் சேர்த்துப் பெருக்கவேண்டும்.

என்னை உறுத்துவது வேறு. அந்த 180 எங்கே குறைகிறது? ராடு ஓடும்போதே பெரிய வீட்டு போர்டிலும் அளந்து சொல்லுங்கள். இடையில் எவ்வளவு நீளம், என்ன ஒயர்?

தோப்புவீடு:
ஐயா, பிளக்கில் 35 ஓம் காட்டுகிறது. ராடு ஓடும்போது பெரிய வீட்டு போர்டில் 195 வோல்ட், தோப்பு வீட்டு சாக்கெட்டில் 180. இடையில் 80 மீட்டர், 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர். ஒரு டியூப்லைட்டும் ஃபேனும் ஓடினால் போதும் என்று அன்றைக்கு இழுத்தது.

பழைய வயர்மேன்:
அதுதான் சங்கதி. 15 வோல்ட் ஒயரிலேயே போகிறது. 15 ÷ 5.1 = 2.9 ஓம். 1 ஸ்கொயர் காப்பர் 1000 மீட்டருக்குச் சுமார் 18 ஓம். போக 80, வர 80, மொத்தம் 160 மீட்டர் என்று போட்டால் அதே 2.9 வருகிறது. கணக்கு நேராக வந்ததால் ஜாயிண்ட் எதுவும் கெடவில்லை என்று நம்பலாம். அது முக்கியம் தம்பி. 15 × 5.1 = 76 வாட்ஸ் அந்த ஒயரில் சூடாகப் போகிறது. 160 மீட்டரிலும் பரவுவதால் கையில் தெரியாது. அதில் பாதி ஒரே லூஸ் ஜாயிண்டில் இறங்கினாலும் பிளாஸ்டிக் உருகிவிடும்.

4 ஸ்கொயர் இழுங்கள். ஒயரின் தடை முக்கால் ஓம் ஆகிவிடும். அதே 195-க்கு ராடில் 191 வோல்ட், 1030 வாட்ஸ் பக்கம் கிடைக்கும், மூன்று நிமிடம் மிச்சம். பெரிய வீட்டுக்கே 195 வருவதை ஒயர் மாற்றிச் சரிசெய்ய முடியாது, அதற்கு லைனில் புகார்தான் கொடுக்கவேண்டும்.

ஒயரை மாற்றும்போது எர்த் கம்பியையும் சேர்த்து இழுத்து, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். அதைப் போட்ட பிறகும், பிளக்கைப் பிடுங்காமல் அப்பா தண்ணீரில் கைவைத்துச் சூடு பார்க்கக்கூடாது.