ப்ளூ-ரேக்கு அப்புறம் நியர்-ஃபீல்டு வட்டு ஏன் வரலை?

வட்டுப்பிரியன்:
சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650, ப்ளூ-ரேக்கு 405. அதுக்கும் கீழே புற ஊதாவுக்குப் போனா வட்டோட பிளாஸ்டிக்கே ஒளியை விழுங்கிடும்னு படிச்சேன். சரி, அலைநீளத்தைத் தொடாமலே லேசர் புள்ளியைச் சுருக்கத்தான் நியர்-ஃபீல்டு (லென்ஸை வட்டுக்குக் கிட்டத்தட்ட ஒட்டுற அளவு பக்கத்துல வைக்கிற முறை) இருக்கே! அது ஏன் கடைக்கே வரலை?

பழைய லென்ஸ்காரன்:
ரெண்டு வருஷம் இதோட மல்லுக்கட்டினவன் சொல்றேன். ஒளி பிரச்சினையே இல்லை, இடைவெளிதான் பிரச்சினை.

ப்ளூ-ரே லென்ஸோட என்ஏ (ஒளியை எவ்வளவு அகலமான கோணத்துல குவிக்குதுன்னு சொல்ற எண்; கூடினா புள்ளி சிறுசாகும்) 0.85. வட்டுக்குப் பக்கத்துல அரைக்கோளக் கண்ணாடி ஒண்ணை வெச்சா (சாலிட் இம்மர்ஷன் லென்ஸ், 1990ல ஸ்டான்ஃபோர்டுல வந்தது) என்ஏ 1.8 வரைக்கும் போகலாம். அடர்த்தி அதோட வர்க்கத்துல ஏறும். 25 ஜிபி அடுக்கு 100ஐத் தாண்டும். கணக்கு அழகா இருக்கும்.

ஆனா என்ஏ 1க்கு மேல போன கதிர் கண்ணாடியை விட்டு வெளியே வராது, முழுசா திரும்பிடும். விளிம்புல கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். அந்தக் கசிவைப் பிடிக்க லென்ஸ் வட்டுலேர்ந்து 25 நானோமீட்டர் பக்கத்துல நிக்கணும், அதுவும் வட்டு சுத்தும்போது. ஒரு தலைமுடியே அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு தடிமன். ஒரு தூசி போதும், லென்ஸ்ல கீறல். நான் எத்தனை லென்ஸைக் காவு கொடுத்தேன்னு கேட்காதீங்க.

வட்டுப்பிரியன்:
25 நானோமீட்டரை எதை வெச்சு அளந்தீங்க?

பழைய லென்ஸ்காரன்:
அதே லேசரை வெச்சுத்தான். இடைவெளி கூடினா திரும்பி வர்ற ஒளி கூடும், குறைஞ்சா குறையும். அந்த சிக்னலை சர்வோவுக்கு (லென்ஸைத் தானா நகர்த்தி இடைவெளியைக் காக்குற கட்டுப்பாடு) கொடுத்துடுவோம். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே அதுதான்.

சுழலும் தட்டு:
நியர்-ஃபீல்டு செத்துப்போகலை, வீடு மாறிடுச்சு. ஹார்டு டிஸ்க்ல படிக்கிற-எழுதுற தலை ஏற்கெனவே சில நானோமீட்டர் உயரத்துலதான் பறக்குது, பெட்டியும் மூடியிருக்கு. ஹேமர் (HAMR, சூடாக்கிக் காந்தத்தால எழுதுற ஹார்டு டிஸ்க் முறை) டிரைவ்ல ஒரு குட்டி உலோக முனை லேசரைப் பல பத்து நானோமீட்டர் அகலத்துக்குச் சுருக்கி, இரும்பு-பிளாட்டினப் படலத்தை ஒரு நொடிப்பொழுது 400 டிகிரிக்கு மேல சூடாக்கும். எழுதுறது காந்தம், ஒளி வெறும் அடுப்பு. 2024ல சீகேட் விட்ட 30 டெராபைட் டிரைவ் இந்த ரகம்தான்.

பழைய லென்ஸ்காரன்:
ஆமா. கைரேகை படுற வட்டுல நாங்க பண்ணப் பார்த்ததை, சீல் வெச்ச பெட்டிக்குள்ள பண்ணிட்டாங்க. கொஞ்சம் பொறாமையாத்தான் இருக்கு.