தி இன்க்ரெடிபிள்ஸ்: குடும்பப் படமா, பிறவித் திறமைக்குப் பாராட்டு விழாவா?

கடைசிவரிசை:
2004இல் வந்த பிக்ஸார் நிறுவனத்தின் அனிமேஷன் படமான 'தி இன்க்ரெடிபிள்ஸ்' பற்றிப் பேசலாம். பிராட் பேர்ட் எழுதி இயக்கியது. வேகம், இசை, சண்டைக் காட்சிகள் எதிலும் எனக்குக் குறை இல்லை. கதை யார் பக்கம் நிற்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

பட்டி என்ற சிறுவனை எடுத்துக்கொள்ளுங்கள். பிறவியில் எந்தச் சக்தியும் இல்லாதவன். சொந்த மூளையை வைத்துப் பறக்கும் பூட்ஸ் செய்துகொண்டு, தான் கும்பிடும் சூப்பர்ஹீரோவான, படத்தின் நாயகன் மிஸ்டர் இன்க்ரெடிபிளிடம் போய் 'என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சுகிறான். 'நான் தனி ஆள்' என்று சொல்லி விரட்டிவிடுகிறார். அந்தப் பையன்தான் வளர்ந்து சிண்ட்ரோம் என்ற வில்லனாகிறான். சக்தியோடு பிறந்தவர்கள் நல்லவர்கள், உழைத்து உண்டாக்கிக்கொண்டவன் கெட்டவன். இது என்ன கணக்கு?

கடைசியில் தன் கருவிகளை எல்லோருக்கும் விற்றுவிடுவேன், எல்லோரும் சூப்பர் ஆகிவிட்டால் யாருமே சூப்பர் இல்லை என்கிறான். படம் இதைப் பெரிய மிரட்டலாகக் காட்டுகிறது. எல்லோரும் பறந்தால் யாருக்கு நஷ்டம்? இதே கருத்தைப் படத்தின் தொடக்கத்தில் நாயகனின் மகன் டாஷும் அம்மாவிடம் காரில் சொல்கிறான். அவன் சொன்னால் ஏக்கம், பட்டி சொன்னால் வில்லத்தனம்.

நிழல்பொம்மை:
நண்பரே, நடுவில் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். சிண்ட்ரோம் கெட்டவனானது பூட்ஸ் செய்ததால் இல்லை. ஓய்வுபெற்ற சூப்பர்ஹீரோக்களை ஒவ்வொருவராகத் தன் தீவுக்கு வரவழைத்து, தன் ரோபோவோடு மோதவிட்டுக் கொன்றிருக்கிறான். ஒருவர் செத்தால் ரோபோவை மேம்படுத்தி அடுத்தவரை அழைப்பான். பாப், அதாவது மிஸ்டர் இன்க்ரெடிபிள், அவனுடைய கணினித் திரையில் பழைய நண்பர்களின் முகங்கள் வரிசையாக வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கும் இடம் குழந்தைகள் படத்தில் எதிர்பார்க்கவே முடியாதது. அப்புறம் அதே ரோபோவை நகரத்தின் மேல் ஏவிவிட்டு, ரிமோட்டை வைத்துத் தானே அடக்குவதுபோல் நடித்துக் கைதட்டல் வாங்கப் பார்க்கிறான். இவனா உழைப்பாளிகளின் பிரதிநிதி?

சக்தி இல்லாதவர்களைப் படம் மதிக்கவில்லை என்பதும் சரியில்லை. உடை வடிவமைக்கும் எட்னா மோடுக்கு என்ன சக்தி இருக்கிறது? குள்ளமான உருவம், பெரிய கண்ணாடி, அவ்வளவுதான். ஆனால் அவர் இருக்கும் அறையில் மிஸ்டர் இன்க்ரெடிபிளே அடங்கி நிற்கிறார். அந்தப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரே பிராட் பேர்ட்தான்.

கடைசிவரிசை:
எட்னா யாருக்காக உழைக்கிறார் என்று பாருங்கள். சக்தியோடு பிறந்தவர்களுக்கு உடை தைக்கிறார். தன் எல்லைக்குள் இருப்பதால் அவரைப் படத்துக்குப் பிடிக்கிறது. பட்டி பக்கத்தில் நிற்க இடம் கேட்டான்.

சிண்ட்ரோம் கொலைகாரன் என்பதை நான் மறுக்கவில்லை. அவனைக் கொலைகாரனாக எழுதிவிட்டால் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதுதான் என் குற்றச்சாட்டு. 'உன்னை அப்படி நடத்தியது தப்பு' என்று பாப் மன்னிப்புக் கேட்பது ரோபோவிடம் தோற்றுக் கிடக்கும்போது. 'இப்போது நான் ஆபத்தானவன் என்பதால் மதிக்கிறாய்' என்கிறான் சிண்ட்ரோம். அந்த ஒரு பதிலில் உண்மை இருக்கிறது. படம் அங்கே நிற்காமல் அடுத்த சண்டைக்கு ஓடிவிடுகிறது.

தேன்மழை:
இருவரும் வில்லனைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்தப் படம் பிடித்தவர்களில் பலருக்குப் பிடித்தது அந்தக் குடும்பம்தான். யாருக்கு எந்தச் சக்தி என்று பாருங்கள். பாரம் சுமக்கும் அப்பாவுக்குப் பலம். ஒரே நேரத்தில் நாலு பக்கமும் இழுபடும் அம்மாவுக்கு ரப்பர் உடம்பு. யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் வயதில் இருக்கும் மகளுக்கு மறையும் சக்தி. ஓரிடத்தில் உட்காராத பையனுக்கு வேகம். அவர்களின் சுபாவத்தைத்தான் சக்தியாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

விமானக் காட்சிக்கு ஈடாக வேறொன்று இந்த வகைப் படங்களில் எனக்குத் தோன்றவில்லை. அம்மா ஹெலன் விமானத்தை ஓட்டுகிறாள். பிள்ளைகள் திருட்டுத்தனமாக ஏறி உள்ளே இருக்கிறார்கள். ஏவுகணைகள் வருகின்றன. விமானத்தைச் சுற்றிப் பாதுகாப்புக் கவசம் போடச் சொல்லி மகள் வயலெட்டிடம் கத்துகிறாள். சக்தியைப் பயன்படுத்தவே கூடாது என்று சொல்லி வளர்த்ததும் இதே அம்மாதான். அந்தப் பெண்ணுக்குக் கை நடுங்குகிறது, கவசம் வரவில்லை. ஹெலன் இருக்கையை விட்டுப் பாய்ந்து இரண்டு பிள்ளைகளையும் தன் உடம்பால் சுற்றிக்கொள்கிறாள், விமானம் வெடிக்கிறது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்று அவள் ரேடியோவில் கதறுவதை அப்பா தீவில் கட்டுண்டபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். பின்னால் காட்டில் தம்பியை நோக்கித் தோட்டாக்கள் வரும்போது வயலெட்டின் கவசம் முழுதாக வருகிறது. விமானத்தில் அவள் தோற்றது நினைவிருப்பவர்களுக்கு அந்தக் கவசத்தின் மதிப்பு தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முக்கியப் பாத்திரங்கள் எல்லோரும் மனிதர்களாக இருக்கும் முதல் பிக்ஸார் படம் இதுதான். தோல், துணி, நனைந்த முடி எல்லாமே அன்றைக்குப் பெரிய தலைவலி. வயலெட்டின் நீளமான முடி முகத்தில் விழுந்து கிடக்க வேண்டும், ஏனென்றால் அவளுடைய கூச்சமே அந்த முடியில்தான் இருக்கிறது. கடைசியில் அவள் முடியை ஒதுக்கிக் கட்டியிருப்பாள், வசனமே வேண்டாம். அதே 2004 நவம்பரில் வந்த 'தி போலார் எக்ஸ்பிரஸ்' அசல் மனிதர்கள் போலவே முகங்களை அமைக்க முயன்றது. அந்தக் கண்களில் உயிர் இல்லை என்று அப்போதே பலர் குறை சொன்னார்கள். இங்கே கேலிச்சித்திர உருவங்கள்: அகன்ற தோள், குச்சிக் கால். அதனால்தான் படம் இன்னும் பழசாகவில்லை.

ஒற்றைச்சிறகு:
நெகிழ்ச்சி எல்லாம் சரி. சின்னப் பிள்ளைகளோடு பார்க்கும்போது எனக்கு இரண்டு இடங்கள் இடிக்கின்றன. டாஷைத் துரத்தும் காவலாளிகள் பறக்கும் வண்டியோடு பாறையில் மோதி வெடிக்கிறார்கள். அடுத்த நொடியே, தண்ணீர் மேல் ஓடுகிறோம் என்று கண்டுபிடித்துப் பையன் சிரிக்கிறான். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடிக்கும், ஆனால் செத்தவர்களைப் பற்றிப் படத்துக்குக் கவலையே இல்லை. அமெரிக்காவில் பிஜி (பெற்றோர் வழிகாட்டுதல் தேவை) சான்றிதழ் பெற்ற முதல் பிக்ஸார் படம் இது என்பதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது சட்டம். தற்கொலைக்கு முயன்றவரைக் காப்பாற்றியதற்காக வழக்கு, ரயிலில் அடிபட்டவர்கள் வழக்கு, கடைசியில் சூப்பர்ஹீரோக்களுக்குத் தடை என்று அற்புதமாக ஆரம்பிக்கிறார்கள். முடிவில் ஒரு ரோபோவை அடித்ததும் ஊரே கைதட்டுகிறது, பிரச்சினை கரைந்துபோகிறது. பாபின் நண்பரான சூப்பர்ஹீரோ ஃப்ரோசோனுக்கும் போதிய வேலை இல்லை. அவருடைய மனைவியின் முகத்தைக்கூடக் காட்டவில்லை.

நிழல்பொம்மை:
வன்முறை பற்றி: எதிரிகள் குழந்தைகள் என்று பார்க்க மாட்டார்கள், கொல்வார்கள் என்று குகையில் ஹெலன் பிள்ளைகளிடம் நேராகவே சொல்கிறாள். ஆபத்து நிஜம் என்பதால்தான் அந்தக் குடும்பம் ஒன்று சேர்வதற்கும் எடை இருக்கிறது. சட்டம் அவசரமாக முடிந்தது உண்மை.

கடைசிவரிசை நண்பருக்கு ஒரு கேள்வி. பிறவித் திறமைக்குப் பாராட்டு விழா என்றால், முடிவில் ஓட்டப் பந்தயத்தில் டாஷ் ஏன் இரண்டாவதாக வருகிறான்? எல்லோரையும் நொடியில் தாண்டக்கூடியவன். குடும்பமே மேடையிலிருந்து சைகை காட்டி, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது. அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவன் ஆசைப்பட்டது மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து ஓடுவதற்கு.

கடைசிவரிசை:
என் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அந்தப் பந்தயத்தில் உண்மையாகவே மூச்சிரைக்க ஓடி, இரண்டாவதாக வந்திருக்க வேண்டிய பையன் ஒருவன் இருக்கிறானே, அவன் மூன்றாவது. பயிற்சி எடுத்து ஓடியவன் அவன். டாஷ் விளையாட்டாக அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறான், அரங்கத்தில் அவன் குடும்பம் குதிக்கிறது. மூன்றாவது வந்தவனின் முகத்தைக் கேமரா தேடிப் போவதில்லை. பட்டியைப் பார்க்காத கண்தான் இவனையும் பார்க்கவில்லை.

தேன்மழை:
அந்தக் காட்சி டாஷைப் பற்றியது, எல்லாப் பையன்களின் நியாயத்தையும் அதில் தீர்க்க முடியாது. அதுவரை ஆசிரியர் நாற்காலியில் குண்டூசி வைப்பதற்குத்தான் அவனால் அந்த வேகத்தைப் பயன்படுத்த முடிந்தது. அந்தப் பிள்ளைக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது?

கடைசிவரிசை:
வாசல் திறக்கட்டும். அடுத்தவன் இடத்தில் போய் நிற்காமல் திறக்கட்டும். 2018இல் வந்த இரண்டாம் பாகம் இந்தப் பந்தயம் முடிந்த நிமிடத்திலிருந்தே தொடங்குகிறது. தடைச் சட்டத்தை மறுபடி கையில் எடுத்தார்கள், ஹெலனை வேலைக்கு அனுப்பி பாபை வீட்டில் இருக்க வைத்தார்கள். இரண்டையும் நான் வரவேற்கிறேன். சக்தி இல்லாமல் அந்த வேகத்தின் பக்கத்தில் ஓட வேண்டிய பிள்ளையை மட்டும் அதிலும் கேட்கவில்லை.