நடைபாதைக்குக் கார் நிறுத்துமிடம்: மன்றக் கூட்டத்துக்கு முன் உங்கள் உதவி வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். ஓடையை ஒட்டிச் செல்லும் எங்கள் நடைபாதையின் நுழைவாயிலில், மரங்களை வெட்டிவிட்டு 40 கார்களுக்கு நிறுத்துமிடம் அமைக்கலாமா என்று உள்ளாட்சி மன்றம் விவாதித்துவருகிறது. அடுத்த கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம்.

நிறுத்துமிடம் வேண்டும் என்று கேட்பவர்களின் குறை நியாயமானதே. ஞாயிறு காலையில் தெருவின் இருபுறமும் கார்கள் நிற்கின்றன. வீட்டு வாசல் அடைபடுகிறது, ஆம்புலன்ஸ் வந்தால்கூட நுழைய முடியாது. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு வாயிலருகே இடம் கட்டாயம் வேண்டும். அதில் மறுபேச்சே இல்லை.

ஆனால் ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீட்டர் போதும் என்றாலும், வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடுகிறது. 40 கார்கள் என்றால் குறைந்தது 1,000 சதுர மீட்டர். அவ்வளவு தரையையும் தார் போட்டு மூடினால் மழைநீர் மண்ணில் இறங்காது. சிந்திய எண்ணெயையும் அடித்துக்கொண்டு நேராக ஓடையில்தான் விழும். இத்தனையும் வார இறுதியின் சில மணி நேரத்துக்காக!

பக்கத்துப் பள்ளி, அலுவலக வளாகங்கள் விடுமுறை நாளில் காலியாகத்தானே கிடக்கின்றன? அவற்றைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்லப்போகிறேன். அப்படி ஒப்பந்தம் போட்ட ஊர்க்காரர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? விபத்து நடந்தால் யார் பொறுப்பு, குப்பையை யார் அள்ளுவது என்பதையெல்லாம் எப்படி எழுதிக்கொண்டீர்கள்? வாகனக் கணக்கெடுப்பை எந்தெந்த நேரங்களில் நடத்தினால் மன்றம் ஏற்றுக்கொள்ளும்? மாதிரி ஒப்பந்தம் இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.